வாக்குத்தத்தப் பெட்டி: ஆறுதலுக்குச் சரி, வழி கேட்க உதவுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் மேசையின் முன்வரிசைக்கு வந்துவிடும் பொருள் வாக்குத்தத்தப் பெட்டி. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் தீர்ந்துபோனாலும் கன்வென்ஷன் பந்தல் ஓரத்துப் புத்தக மேசையில் கிடைக்கும். கையடக்கப் பெட்டி, உள்ளே விரல் நீள அட்டைகள், ஒவ்வொன்றிலும் கடவுள் தரும் உறுதிமொழியாக (அதுதான் வாக்குத்தத்தம்) ஒரு வேதாகம வசனம். காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொன்று எடுப்பார்கள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் பல சபைகளில் தட்டில் வைத்து நீட்டுவதும் இதே வகை அட்டைதான்.

வீடுகளில் இதை இரண்டு காரியத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆறுதல். மற்றது வழி கேட்பது: சிங்கப்பூர் வேலைக்கு ஏஜென்டிடம் பணம் கட்டலாமா, காரைக்குடி கல்லுக்கட்டியில் கடை எடுக்கலாமா, வந்திருக்கிற வரனுக்குச் சரி சொல்லலாமா. ஆறுதலுக்கு இது நல்ல பொருள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் போட்ட திட்டத்தைக் கர்த்தர் மாற்ற நினைத்தால், அது நம் காதில் விழ இந்தப் பெட்டி உதவுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். கூடவே அதே மேசையில் விற்கும் தினக் காலண்டரையும் ஜெபக் குறிப்பேட்டையும் பார்த்துவிடலாம்.

பெட்டி

பிளாஸ்டிக், மரம், கெட்டி அட்டை என மூன்று வகையில் வருகிறது. பிளாஸ்டிக் மூடி சீக்கிரம் உடையும். அட்டைப் பெட்டியைக் கரையான் விடாது. செட்டிநாட்டுச் செம்மண்ணில் தரையோடு ஒட்டிய அலமாரியில் எதையும் வைக்கக் கூடாது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரப்பெட்டி நிற்கும், விலைதான் கூடுதல். அட்டைகளை மட்டும் வாங்கி ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் போட்டு வைப்பது எல்லாவற்றையும் விட நல்லது: காற்றோட்டம் இருக்கும், வழவழப்புப் பூச்சு பூசிய அட்டைகள் வேர்வைக் கையில் ஒன்றோடொன்று ஒட்டாது.

கடையிலேயே பத்து அட்டைகளை உருவிப் பாருங்கள். முதலில் வசன எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பெட்டியை, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டாம். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறதென்று பார்க்க வழியில்லாமல் போகும். அடுத்து, வசனம் முழுதாக இருக்கிறதா, பாதியில் வெட்டியிருக்கிறதா. பெரும்பாலான பெட்டிகள் தோற்பது இங்கேதான். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற அட்டை இல்லாத பெட்டி அபூர்வம். உபாகமம் 28:13ஐத் திறந்தால் அந்த வாக்கியத்தோடு ஒரு "செவிகொடுத்துவந்தால்" இருக்கிறது, அது அட்டையில் இருக்காது. அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனம். ஆசீர்வாதம் 14ஆம் வசனத்தோடு முடிகிறது, மிச்சமெல்லாம் கீழ்ப்படியாவிட்டால் வரும் சாபம். சங்கீதம் 37:4இலும் இதே வேலை நடந்திருக்கும்: இருதயத்தின் வேண்டுதல்களை அருள்செய்வார் என்பது பெரிய எழுத்தில் இருக்கும், கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு என்ற முன்பாதி காணாமல் போயிருக்கும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். அந்தப் பத்தில் ஒன்றாவது "போகாதே", "நில்", "இது வேண்டாம்" என்று சொல்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அச்சிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் பெயரே வாக்குத்தத்தப் பெட்டி. ஆனால் மறுப்பே சொல்லத் தெரியாத பொருளிடம் போய் வழி கேட்டால், நாம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு அது முத்திரைதான் குத்தும்.

சிங்கப்பூர்க் கேள்விக்குச் சங்கீதம் 121:8 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பார். போக ஆசைப்படுகிற மகன் போக்கைப் பிடித்துக்கொள்வான், அனுப்ப மனமில்லாத ஆத்தா வரத்தைப் பிடித்துக்கொள்வார். கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய சீமையில் இந்த வசனத்துக்கு எடை கூடத்தான் செய்யும். ஆனால் பணம் கட்டலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

எடுத்த அட்டை பிடிக்காமல் திருப்பிப் போட்டு இன்னொன்று எடுப்பது சகஜமாக நடக்கிறது. இஸ்ரவேலைக் காக்க அழைக்கப்பட்ட கிதியோனும் கர்த்தரிடம் இரண்டு தரம் அடையாளம் கேட்டானே என்பார்கள். நியாயாதிபதிகள் 6ஐ வரிசையாகப் படித்தால் கதை வேறு. 14ஆம் வசனத்திலேயே போ என்ற கட்டளை வந்துவிட்டது. மயிருள்ள தோலைக் களத்தில் போட்டது 36ஆம் வசனத்துக்குப் பிறகு. வழி தெரியாமல் கேட்டதல்ல, தெரிந்த வழியில் நடக்கப் பயந்து கேட்டது. அவன் கேட்ட இரண்டாவது அடையாளம் (தரை நனைந்து தோல் காய்ந்திருக்க வேண்டும்) முதலாவதற்கு (தோல் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும்) நேர் எதிர், எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். பெட்டியில் அப்படி எதிராக விழ ஒன்றுமே இல்லை.

வழி கேட்கிறவர்களை அதிகம் குழப்பும் அட்டை எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிறது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. அதற்கும் முன்னால், 5 முதல் 7 வரை, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது. அதாவது ஊருக்குத் திரும்பும் அவசரத்தை இப்போதைக்கு விடுங்கள் என்ற திசைமாற்றம். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்று சொன்னான். கேட்க இனிமையாக இருந்தது, பொய்யாக இருந்தது. 11ஆம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து, நம் காரியம் சீக்கிரம் கைகூடும் என்று வாசிக்கும்போது, எரேமியாவின் எழுத்தில் அனனியாவின் செய்தியைத்தான் வாசிக்கிறோம்.

பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், சீர் செய்யலாம். கடையில் கெட்டியான சார்ட் தாள் ஒன்று வாங்கி, அட்டையின் அளவுக்கு வெட்டி, ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் தடுக்கும் வசனங்களையும் எழுதிச் சேருங்கள். யாக்கோபு 4:13-15 (இந்தப் பட்டணத்துக்குப் போவோம், வியாபாரம் செய்வோம் என்கிறவர்களுக்கு), நீதிமொழிகள் 14:12, 16:9, ஏசாயா 30:21, அப்போஸ்தலர் 16:7, 2 சாமுவேல் 7:5. ஒருநாள் எடுத்த அட்டையை அந்த வாரம் முழுவதும் வெளியிலேயே வையுங்கள், புதிது எடுக்க வேண்டாம். அன்றைக்கே வேதாகமத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் படித்து, அட்டையின் பின்புறம் பென்சிலில் மூன்று விஷயம் குறியுங்கள்: யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, என்ன நிபந்தனை. பின்புறம் படம் போட்ட அட்டைகளில் இது முடியாது. வாங்கும்போதே வெற்றுப் பின்புறம் உள்ளதாகப் பாருங்கள். பிள்ளைகள் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் பொது மொழிபெயர்ப்பைத் திறக்கும்போது புத்தகப் பெயர்கள் மாறும் (சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், அப்போஸ்தலர் அங்கே திருத்தூதர் பணிகள்), அது தெரிந்திருந்தால் தேடி நேரம் போகாது.

வாட்ஸ்அப்பில் ஒன்றாம் தேதி வரும் மாத வாக்குத்தத்தம் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் உள்ள குறை எல்லாம் அதிலும் உண்டு, கூடவே பின்னணியில் ஒரு அருவிப் படம்.

காலண்டர்

கிழிக்கும் தினக் காலண்டரில் நாளுக்கொரு வசனம். இதில் ஒரு நன்மை உண்டு: அன்றைக்கு என்ன வரும் என்பது நம் கையில் இல்லை, திருப்பிப் போட்டு வேறு எடுக்க முடியாது. ஆனால் வசனத் தேர்வு பெட்டியைப் போலத்தான்.

இதைவிட மலிவானதும் மேலானதும் ஆன பொருள் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டி, அல்லது சி.எஸ்.ஐ. சபையார் வைத்திருக்கும் அல்மனாக். அன்றன்றைய வாசகப் பகுதிகளின் எண்கள் மட்டும் இருக்கும். கத்தோலிக்க முறையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று, வார நாட்களின் முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று. நம் வீட்டுப் பிரச்சினை தெரியாத ஒருவர் முன்கூட்டியே வகுத்தது என்பதால்தான் இது வழிகாட்டுதலுக்கு உதவுகிறது. கடிந்துகொள்ளும் பகுதியும் வரும், சாபமும் வரும், நமக்குப் பிடிக்காத உவமையும் வரும். இப்படி அட்டவணை பின்பற்றாத சபையார் ஒரு புத்தகத்தை எடுத்து நாளுக்கு ஓர் அதிகாரம் படிக்கலாம்: மாற்கு 16 நாள், அப்போஸ்தலர் 28 நாள், நீதிமொழிகள் சரியாக ஒரு மாதம். முழு வேதாகமத்தையும் ஒரே வருஷத்தில் முடிக்க வார நாட்களில் மூன்று, ஞாயிறு ஐந்து அதிகாரம் என்பது பழைய கணக்கு. 1189 அதிகாரத்துக்கு அது போதும். ஆனால் ஒரு முடிவின் நடுவில் நிற்கிறவருக்கு அந்த வேகம் வேண்டாம். விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட ஓடுவதிலேயே கவனம் போய்விடும்.

நோட்டு

அச்சிட்ட ஜெபக் குறிப்பேடுகளில் வழக்கமாக இரண்டு கட்டங்கள்: விண்ணப்பம், பதில். இரண்டுக்கும் தேதி. பதில் கட்டத்தில் ஒரு டிக் போடத்தான் இடம் இருக்கிறது. "கேட்டது கிடைக்கவில்லை, வேறொன்று வந்தது" என்று எழுத இடமில்லை. அதனால் கிடைக்காதவை வெறும் கட்டமாக நிற்கும், ஆறு மாதத்தில் குறிப்பேடு அலமாரிக்குப் போய்விடும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு போதும். பந்துமுனைப் பேனா நல்லது; ஜெல் மை மழைக்காலத்தில் மறுபக்கத்துக்கு ஊறும். இடது பக்கத்தில் திட்டம், வலது பக்கம் காலி.

இடது பக்கத்தில் தேதி போட்டு, திட்டத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஏன் என்பதை அடுத்த வரியில். அதற்குக் கீழே, இதுதான் நோட்டின் உயிர், எது நடந்தால் நிறுத்துவேன் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். கர்த்தருக்குச் சித்தமானால் என்று கடிதத்தில் ஒப்புக்கு எழுதுவதை உண்மையாக்கும் வரி இது. சிங்கப்பூர் வேலை என்றால்: ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவர் என்பது இ-மைக்ரேட் தளத்தில் தெரியாவிட்டால் நிறுத்துவேன், எழுத்தில் சம்பளம் வராமல் முன்பணம் கேட்டால் நிறுத்துவேன், வீட்டில் இருக்கிற நகையில் பாதிக்கு மேல் அடகு வைக்க வேண்டி வந்தால் நிறுத்துவேன். கடைசியாக, மறுபடி பார்க்கும் தேதி. நடந்த பிறகு நிறுத்தற்குறியை எழுதினால் அது வெறும் சமாதானம். ஆசை முற்றிய பிறகு எழுதினாலும் அப்படித்தான்.

திட்டத்துக்குள்ளேயே மாற்றுவழியை எழுதி வைப்பது அவிசுவாசம் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1534இல் பாரிசின் மோமார்த்ர் குன்றில், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரும் தோழர்களும் கடவுளுக்குக் கொடுத்த வார்த்தைப்பாட்டிலேயே அது இருந்தது: எருசலேம் போவோம், போக முடியாவிட்டால் திருத்தந்தையிடம் போய் அவர் அனுப்பும் இடத்துக்குப் போவோம். வெனிசில் காத்திருந்தார்கள். துருக்கியரோடு போர் மூண்டதால் கப்பல் புறப்படவில்லை. முன்பே தீர்மானித்திருந்தபடி ரோமுக்குத் திரும்பினார்கள், 1540இல் இயேசு சபை அங்கீகாரம் பெற்றது. தேவகோட்டையில் பள்ளிக்குப் பெயராக நிற்கும் பிரிட்டோ, நம் அருளானந்தர், அந்தச் சபையிலிருந்து வந்தவர்தான்.

வலது பக்கத்தில் நடந்ததை மட்டும் தேதியோடு குறியுங்கள். "ஏஜென்ட் மறுபடி தேதி மாற்றினார்" என்பது நடந்தது. "கர்த்தர் தடுக்கிறார்" என்பது விளக்கம்; அதை அதே நாளில் எழுதக் கூடாது. இந்த நோட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஏனென்றால் எரிச்சலில் எழுதிய விளக்கம் அடுத்த நாள் சாட்சியாகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கால்மணி நேரம், அந்த வாரத்து வரிகளை ஒரே மூச்சில் வாசித்து, வேறு நிற மையில் ஒரு வரி விளக்கம் எழுதினால் போதும். ஓரத்தில் மூன்று குறிகள்: நடந்ததற்கு "ந", காத்திருப்பதற்கு "கா", திசை மாறியதற்கு "தி". ஒரே சமயத்தில் மூன்று திட்டங்களுக்கு மேல் வேண்டாம், அது நாட்குறிப்பாகிவிடும். மனம் சோர்ந்து கிடக்கும் வாரத்தில், நல்ல மனநிலையில் எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் இஞ்ஞாசியார் வகுத்த விதிதான். அந்த வாரத்துக்கு "கா" மட்டும் போட்டுவிட்டு மூடிவிடுங்கள்.

"கா"வுக்கும் "தி"க்கும் வித்தியாசம் தெரிய அப்போஸ்தலர் 16ஐப் படிப்பது நல்லது. பவுல் ஆசியாவில் (அன்று அது இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) வசனம் சொல்லப் போகிறார், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் இல்லை. மீசியாவைக் கடந்து துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா தரிசனம். தடை வந்தபோது அவர் உட்கார்ந்துவிடவில்லை, நடந்துகொண்டே இருந்தார். ஆசியாவின் கதவும் நிரந்தரமாக அடைபடவில்லை. 19ஆம் அதிகாரத்தில் அதே ஆசியாவின் எபேசுவில் இரண்டு வருஷம் இருக்கிறார். முதலில் "தி" போட்ட வரிக்கு, பல பக்கம் தள்ளி "கா" என்று திருத்த வேண்டி வரலாம். அதனால் குறியை மட்டும் பென்சிலில் போடுங்கள்.

கதவு திறந்தது, அதனால் இது சித்தம் என்று வலது பக்கத்தில் எழுதுகிறவர்கள் 2 கொரிந்தியர் 2:12-13ஐயும் பார்க்க வேண்டும். துரோவாவில் கர்த்தராலே கதவு திறந்திருந்தும், உடன் ஊழியரான தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதலில்லாமல் பவுல் புறப்பட்டுப் போய்விட்டார். 1 கொரிந்தியர் 16:9இல் கதவும் திறந்திருக்கிறது, எதிரிகளும் அநேகர், அங்கே தங்குகிறார். திறந்த கதவு ஒரு தகவல், அவ்வளவுதான். அருளானந்தருக்கு மறவர் நாட்டில் 1686இல் கிடைத்தது சிறையும் சித்திரவதையும். அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது லிஸ்பனில் அரசரே அவரை நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். அகலத் திறந்த கதவு அரண்மனையில்தான் இருந்தது. 1690இல் இந்தியா திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டார்.

நோட்டால் தானாக முடியாத வேலை ஒன்று உண்டு, அதை இன்னொருவரிடம் காட்டுவது. போதகர், பங்குத்தந்தை, உபதேசியார், சபையில் மூத்த ஓர் அக்கா, யாராக இருந்தாலும் உங்கள் முடிவால் லாபமோ நட்டமோ அடையாதவராக இருக்கட்டும். அட்டையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "ஐயா, கர்த்தர் எனக்கு இந்த வசனம் கொடுத்தார்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். "ஐயா, இடது பக்கத்தில் நான் எழுதியது, வலது பக்கத்தில் நடந்தது, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் அவருக்குப் பேச இடம் கிடைக்கும். ஒருவரிடமே போங்கள். சம்மதம் சொல்லும் ஆள் கிடைக்கும்வரை ஊர் ஊராகப் போவதும் பெட்டியில் அட்டை மாற்றுவதும் ஒன்று. அவர் சொல்வதும் மாறலாம்: ஆலயம் கட்ட நினைத்த தாவீது ராஜாவிடம், போய்ச் செய்யும் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார், அன்று இரவே கர்த்தர் வேறு சொன்னார், மறுபடி போய் வேண்டாம் என்று சொன்னதும் அதே நாத்தான்தான். தன் வார்த்தையைத் திருத்திக்கொள்ளக் கூச்சப்படாத ஆளாகப் பாருங்கள்.

என்ன வாங்கலாம் என்று கேட்டால்: சிறு பிள்ளைகள் வசனம் மனப்பாடம் செய்யும் வீட்டுக்கு எண் அச்சிட்ட, பின்புறம் வெறுமையான பெட்டி. படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு எழுத்துப் பெரிதாக உள்ளது, வசனம் பாதியானாலும் பரவாயில்லை. முடிவெடுக்க நிற்கிறவருக்கு நாள்காட்டியும் நோட்டும். நாள்காட்டி டிசம்பர் கடைசி வாரத்தில் கோயில் வாசலிலேயே தீர்ந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்தக் காலமான அட்வெந்து தொடங்கும்போதே சொல்லி வையுங்கள். அட்டைகளோடு நான்கு கிராம்பு போட்டால் வெள்ளிப்பூச்சி வராது என்பார்கள். நோட்டைக் குடும்ப ஜெப மேசையில் வைக்காதீர்கள். அடகுக் கணக்கெல்லாம் எழுதியிருக்கும், வரும் விருந்தாளிகள் புரட்டிப் பார்ப்பார்கள்.